கூடைக்கு அடியில் நின்றவர்

என் அத்தான் கூடைப்பந்து கோச். அக்காவைக் கட்டியவர் என்பதால் அத்தான். மற்றபடி எனக்கு மேலதிகாரி. பதின்மூன்று வருஷம் அவர் போன டீம்களுக்கெல்லாம் நான் துணி துவைத்தேன். ஜெர்சி, துண்டு, தண்ணீர்ப் பாட்டில், பந்துக்குக் காற்று, வேன் ஓட்டுவது எல்லாம் என் தலையில்தான். அடையாள அட்டையில் 'பொருள் பொறுப்பாளர்' என்று கௌரவமாகப் போட்டிருந்தார்கள். டீமில் எல்லாப் பெண்களும் என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா மகள் கூப்பிட்டதைக் கேட்டு அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

அவர் ஜெயித்ததைப் பற்றி எழுதினால் ஒரு பக்கம் வரும். நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. ஆட்களை வெளியே அனுப்புவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அந்த மாதிரி நான் வேறு எந்தக் கோச்சிடமும் பார்த்ததில்லை. அந்த முறையை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார். மீறிய இடத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன்.

ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் இருபது பேராவது தேர்வுக்கு வருவார்கள். இடம் பன்னிரண்டு பேருக்குத்தான். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். பெரும்பாலான கோச்சுகள் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு பெயரை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அழுகிறவர்கள் அழுதுவிட்டுப் போன பிறகு வெளியே வருவார்கள். அத்தான் அப்படியில்லை. பட்டியல் ஒட்டுவதற்கு முந்தின நாளே, இடம் கிடைக்காத ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அரங்கத்துக்கு வரச் சொல்வார். பார்வையாளர் படிக்கட்டின் முதல் படியில் உட்கார வைப்பார். எதிரே நிற்காமல் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொள்வார். "உனக்கு இந்த வருஷம் இடம் இல்லம்மா" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். காரணம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"காரணத்த முதல்ல சொல்றது ஏமாத்து வேலை மச்சான்" என்பார் என்னிடம். "அவ நம்பிக்கையோட தலையாட்டிக்கிட்டே வருவா. கடைசியில நாம குழியில தள்ளுவோம்."

பேச்சு முடிந்ததும் ஒரு பந்தை எடுத்து அவள் கையில் கொடுப்பார். கூடைக்கு அடியில் போய் நின்றுகொள்வார். அவளுக்கு எவ்வளவு நேரம் தோன்றுகிறதோ அவ்வளவு நேரம் அவள் பந்து போடலாம். விழுந்தாலும் விழாவிட்டாலும் இவர் ஓடிப் போய் எடுத்து அவள் கைக்கே திருப்பி அனுப்புவார். நடுவில் வாய் திறக்க மாட்டார். அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றால் மட்டும், "போதுமா?" என்று கேட்பார். அவளாக "போதும்" என்று சொன்னால்தான் இவர் அந்த இடத்தை விட்டு நகருவார். சிலர் நாலு தடவை போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒருத்தி ஒன்றரை மணி நேரம் போட்டாள். இன்னொருத்தி கூடையை விட்டுவிட்டு இவர் நெஞ்சைக் குறிபார்த்து எறிந்தாள். அதையும் பிடித்துத் திருப்பி அனுப்பினார். அன்று ராத்திரி அக்கா தைலம் தேய்த்துவிட்டாள். நான் சிரித்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. அத்தான் ஆட்டக்காரராக ஏழு சீசன் இரண்டாம் பிரிவில் ஆடியவர். எட்டாவது சீசனில் முழங்கால் தகராறு செய்தது. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போயிருக்கிறார். பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழே படித்திருக்கிறார், கீழிருந்து மேலே படித்திருக்கிறார், தன் பெயர் இல்லை. பின்னால் வந்தவர்கள் முதுகில் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். கோச் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சமும் இரண்டு கால்களின் நிழலும் தெரிந்தன. அந்த இரண்டு கால்களும் நகரவே இல்லை என்று சொல்லுவார். அந்தக் கதையை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அக்கா மகளுக்குக் கதை சொல்லித் தூங்க வைக்கும் வயதில் அவள் அதைத்தான் கேட்பாள். "அந்தக் கதவு சாத்தின கோச் கதை" என்பாள்.

இருபத்தேழு வயதில் ஆட்டம் முடிந்தது. விளையாட்டுச் சாமான் கடையில் ஷூ விற்றுக்கொண்டே மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுத்தார். கோச் உரிமத் தேர்வில் கோர்ட்டில் நின்று செய்து காட்டுவதில் முதல் ஆளாக வருவார். எழுத்துத் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டார். மூன்றாவது தடவை அக்காவே கேள்வி கேட்டுக் கேட்டு அவரைத் தேறவைத்தாள். இன்றைக்கும் அக்காவுக்கு எலும்பு தசைப் பெயரெல்லாம் மனப்பாடம். பிறகு ஒரு பெண்கள் டீமில் உதவிக் கோச் என்று சேர்ந்தார். உதவி என்றால் எதிர் டீமின் மேட்சுகளை டி.வி.யில் போட்டு, யார் எந்தப் பக்கம் திரும்புவாள், யாருக்கு இடது கை வராது என்று குறித்துக் கொடுக்கிற வேலை. ஒன்பது வருஷம் அந்தக் குறிப்பை எழுதினார். தலைமைக் கோச் ஆனபோது வயது நாற்பத்தொன்று. அப்போதுதான் என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். நான் அதற்கு முன் ஒரு சலவைக் கடையில் இருந்தேன். துணிக்குத் துணி, என்ன பெரிய வித்தியாசம் என்று வந்துவிட்டேன்.

கோச் பிழைப்பு நாடோடிப் பிழைப்பு. ஜெயித்தால் ஆட்டக்காரர்கள் ஜெயித்தார்கள், தோற்றால் கோச் தோற்றான். ஏழு தோல்வி வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பதின்மூன்று வருஷத்தில் ஐந்து ஊர் மாறினோம். அக்கா எந்த வாடகை வீட்டிலும் சுவரில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. கல்யாணப் படத்தை அலமாரி மேல் சாய்த்து வைத்திருப்பாள். "அடிச்சா பிடுங்கணும். பிடுங்கினா ஓட்டையை அடைக்கணும். எதுக்குடா வம்பு?" என்பாள். அத்தானிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எந்த ஊருக்குப் போனாலும் மகளை அரங்கத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிட்டால் தேடவேண்டிய வேலை இல்லை என்பது அக்காவின் கணக்கு.

அக்கா மகளுக்கு நான் வைத்த பெயர் சுண்டு. பிறந்தபோது சுண்டெலி மாதிரி இருந்தாள், அதனால். பெயர் வைத்த நேரமோ என்னவோ, அப்புறமும் பெரிதாக வளரவில்லை. ஆனால் பந்து அவள் கையில் இருந்தால் ஆறடிக்காரிகள் அவளைத் துரத்திக்கொண்டே இருப்பார்கள், தொட முடியாது. வீட்டுப்பாடத்தை என் சலவை அறையில் உட்கார்ந்து முடிப்பாள். உலர்த்தும் இயந்திரத்தின் மேல் நோட்டை வைத்து எழுதுவாள், எழுத்து ஆடிக்கொண்டே போகும். டீச்சர் திட்டியதற்கு, "எங்க மேஜை ஆடும் டீச்சர்" என்று சொன்னாளாம். பெரியவளானதும் வேறு ஊர் டீமில் இரண்டு வருஷம் நன்றாக ஆடினாள். அந்த டீமைக் கலைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் அப்பாவின் கிளப்புக்கே தேர்வுக்கு வந்தாள்.

வரச் சொல்லி அத்தான் அழைக்கவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. "எல்லாரையும் மாதிரி வா, எல்லாரையும் மாதிரி ஆடு" என்றார். அவளுக்கு நான் கொடுத்த பயிற்சிச் சட்டை எண் பதினேழு.

பத்து நாள் தேர்வு. கோச் அறையில் ஒரு இரும்புப் பலகை இருக்கும். எண் எழுதிய வட்டக் காந்தங்களை அதில் மேலிருந்து கீழே வரிசையாக ஒட்டுவார்கள். பன்னிரண்டுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. அத்தானும் உதவிக் கோச்சும் தினமும் பயிற்சி முடிந்ததும் மார்க்கைக் கூட்டிப் பார்த்துக் காந்தங்களை மேலும் கீழும் நகர்த்துவார்கள். பத்தாம் நாள் சாயங்காலம் அழுக்குச் சட்டைகளை எடுக்க நான் உள்ளே போனேன். உதவிக் கோச் டீ குடிக்கப் போயிருந்தார். பதினேழு ஒன்பதாவது இடத்தில் இருந்தது. ஒன்பதாவது என்றால் கோட்டுக்கு மூன்று பேர் மேலே. சந்தேகமே இல்லாத இடம்.

அத்தான் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பதினேழை எடுத்துக் கோட்டுக்குக் கீழே வைத்தார். மற்றவர்களை ஒவ்வொரு இடமாக மேலே தள்ளினார். பதின்மூன்றாவதாக இருந்த நெட்டைப் பெண் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைத்தார். மறுபடி கீழே இறக்கினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"பார்த்துட்டியா?"

"பார்த்தேன். ஒன்பதாவது."

"தலைவர் நேத்து என்ன கேட்டார்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். கிளப் தலைவர் பயிற்சி பார்க்க வந்தவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே கேட்டார்: "துணி துவைக்க மச்சான், பந்து போட மகள். அடுத்து டிக்கெட் கிழிக்க மாமியாரா கோச்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை மறைப்பதற்கில்லை. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊர் வாயை மூட உலைமூடி உண்டா அத்தான்? பேசறவன் பேசிட்டுப் போறான்."

"முதல் தோல்வி வரட்டும். மகளுக்காக டீமை வித்துட்டான்னு எழுதுவாங்க. என்னை எழுதினா பரவாயில்ல. அவளையும் சேர்த்து எழுதுவாங்க. ஒவ்வொரு தடவை அவ பந்தை விடும்போதும் கூட்டம் என் பேரைச் சொல்லிக் கத்தும்."

அவர் பயப்பட்டார். இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டு ஓரத்தில் நின்று எதிர் டீமுக்கும் நடுவருக்கும் பயப்படாத மனுஷன், ஒரு நக்கல் பேச்சுக்குப் பயந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை வேறு. 'நான் வேலையை விட்டுவிடுகிறேன் அத்தான், அப்புறம் மச்சான் என்று யாரும் சொல்ல முடியாது, அவளை எடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. எனக்கும் வயிறு இருக்கிறது, வீடு இருக்கிறது. அழுக்குச் சட்டைகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் எட்டுப் பேரைப் படிக்கட்டில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஏழு பேருக்குச் சொன்னார், ஏழு பேருக்கும் பந்து எடுத்துக் கொடுத்தார். மத்தியானம் ஆகிவிட்டது. எட்டாவது ஆள் சலவை அறையில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். தன்னைக் கூப்பிடவில்லை என்றால் இடம் உறுதி என்று அவளுக்குத் தெரியும். அவர் முறையை அவளைவிட யாருக்குத் தெரியும்? கால் ஆட்டிக்கொண்டு இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். அத்தான் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நீ சொல்லிடு மச்சான்."

"நானா?"

"என்னால முடியல. சொல்லிடு." அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே போனேன். அத்தான் மாதிரி முதல் வாக்கியத்திலேயே சொல்ல எனக்கு வரவில்லை. ஏதேதோ சுற்றி வளைத்தேன். அவள் கால் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"எனக்கு இடம் இல்லையா மாமா?"

"இல்லம்மா."

"அப்பா எங்க?"

"ரூம்ல."

"கதவு சாத்தியிருக்கா?"

நான் மடித்த துண்டையே மறுபடி மடித்தேன். அவள் சிரித்தாள். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது.

"காரணம் என்ன சொன்னார்?"

அவர் காரணம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. உண்மையான காரணம் நான் பார்த்த காரணம். அதைச் சொன்னால் அப்பனும் மகளும் ஜென்மத்துக்கும் பேசமாட்டார்கள் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனேன்.

"உயரம் பத்தலன்னு சொன்னார்மா. திறமையெல்லாம் இருக்காம். உயரம்தான்."

அவள் தலையாட்டினாள். உயரத்தை யார் என்ன செய்ய முடியும்? சட்டையைக் கழற்றி, பதினேழு மேலே தெரிகிற மாதிரி மடித்து என் கையில் கொடுத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

"கொஞ்ச நேரம் பந்து போட்டா நல்லா இருக்கும்."

"வா, நான் எடுத்துத் தரேன்."

"நீங்க இல்ல மாமா" என்றாள்.

அத்தோடு ஆட்டத்தை விட்டுவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கண்ணாடிச் சில்லை அளவுக்குத் தேய்க்கிற வேலையைக் கற்றுக்கொண்டாள். இப்போது அந்தக் கடையில் அவள்தான் மூத்த ஆள். அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவுக்குப் போன் செய்வாள். அத்தான் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்க" என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே பதமான குரல். பன்னிரண்டு வருஷம் அப்பாவிடம் அவள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் அத்தான்தான் ஓடிப் போய் எடுப்பார்.

அந்த சீசனையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாதத்தில் பந்தைத் தட்டி முன்னால் கொண்டுபோகிற பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. அந்த இடத்தில் ஆட வேறு ஆள் இல்லை. நெட்டைப் பெண் பாவம், பந்து கையில் வந்தால் சூடான பாத்திரத்தைப் பிடித்த மாதிரி தவித்தாள். வரிசையாகத் தோற்றோம். அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் யார் இல்லாத குறை என்று தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது மாதம் தலைவர் அத்தானை வேலையை விட்டு நீக்கினார். டீமை மகளுக்காக விற்றான் என்ற பேச்சு வரக் கூடாது என்றுதானே அவளை இறக்கினார்? அந்தப் பேச்சு வரவில்லை. வேலை மட்டும் போயிற்று. என்னை அந்தக் கிளப் வைத்துக்கொண்டது. துணி துவைக்கிற ஆள் கிடைப்பது கஷ்டமாம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

அதற்குப் பிறகு அவரை எந்தப் பெரிய கிளப்பும் கூப்பிடவில்லை. ஒரு ஜூனியர் டீம், பிறகு அதைவிடச் சின்னது, கடைசியில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். அங்கேயும் இடம் கிடைக்காத பிள்ளைகளைப் படிக்கட்டில் உட்கார வைத்துச் சொல்லுவார், கூடைக்கு அடியில் நிற்பார். அறுபத்தாறு வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் பாவமும் ஒன்றாக வரும். மற்றவர்களுக்குச் செய்து செய்து அதை ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா போன் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பேத்தியை அவங்க ஊர்ச் சின்னப் பிள்ளைங்க டீம் தேர்வுக்குக் கூப்பிட்டாங்களாம். இவ அனுப்ப மாட்டேன்னுட்டா."

"ஏன்?" என்றார் அத்தான்.

"நம்ம குடும்பத்துக்கு உயரம் கிடையாது, அங்க போய் நின்னு அழறதுக்கு முன்னாடி நானே நிறுத்திட்டேன்னு சொல்றா. குழந்தை ரெண்டு நாளா சாப்பிடலையாம்."

நான் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். அத்தான், "உயரமா? உயரத்தைப் பத்தி யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அன்று சலவை அறையில் நான் சொன்ன காரணத்தை அவர் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். பலகையில் அவள் ஒன்பதாவதாக இருந்ததையும் சேர்த்து, எச்சில் கையோடு சொன்னேன். அக்கா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷமாக மகளுக்கு மார்க் பத்தவில்லை என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அத்தான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து மகள் எண்ணைப் போட்டார். "அம்மாகிட்ட குடுங்க" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. "இல்ல, நான்தான் உன்கிட்ட பேசணும். நேர்ல. ஒரு தடவை வா. இனிமே கேக்க மாட்டேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். ஞாயிறு மத்தியானம், பள்ளிக்கூட அரங்கம். நாலு மணிக்குப் பூப்பந்து ஆடுகிறவர்கள் வருவார்கள், அதுவரை அரங்கம் எங்களுடையது. என்னையும் இருக்கச் சொன்னார். நான் பந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். சுண்டு பேருந்தில் வந்திருந்தாள். முப்பத்துநாலு வயது, மூக்கில் கண்ணாடி, கையில் ஒரு துணிப் பை. முதல் படியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஒன்பதாவது இடத்துல இருந்த" என்றார் முதல் வாக்கியத்திலேயே. "உன்னை எடுத்திருக்கணும். நான் எடுக்கல. பேச்சு வரும்னு பயந்தேன். உன்மேல ஒரு குறையும் இல்ல."

அவள் கையிலிருந்த துணிப் பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப உயரம்?"

"அது நான் சொன்னதும்மா" என்றேன். "அவர் சொல்லல."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பேசியபோது குரல் உயரவில்லை. அதே கடைக் குரல்தான்.

"எனக்குத் தகுதி இல்லன்னு நெனச்சேன்பா. அழுதேன், அப்புறம் சரின்னு ஏத்துக்கிட்டேன். தகுதி இல்லாத ஒண்ணுக்கு ஏங்கக் கூடாதுன்னு மனசை இழுத்துக் கட்டி, வேலை கத்துக்கிட்டேன், குடும்பம் ஆச்சு. கதவைச் சாத்தினதுக்கு மட்டும்தான் உங்க மேல கோபம். மத்தபடி, எங்க அப்பா நியாயமான ஆளு, மகள்னுகூடப் பாக்காம மார்க் போட்டாருன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

அத்தான் தலை குனிந்துகொண்டார்.

"இப்ப சொல்லிட்டீங்க. உங்க பாரம் இறங்கிடுச்சு. இதை நான் எங்க கொண்டுபோய் இறக்கறது?"

"பாப்பாவை அனுப்பும்மா. அவளையாவது அனுப்பு."

"தேர்வு போன வாரமே முடிஞ்சிடுச்சு. உயரம் வராதுன்னு சொல்லி நான்தான் அவ ஷூவை எடுத்து மேல போட்டேன். என்னை மாதிரியே தலையாட்டினா."

அழுதாள். அவர் கையை அவள் முதுகு வரை கொண்டுபோனார், வைக்கவில்லை. அன்றைக்குப் பலகைக்கு முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரே வார்த்தை, என் வேலையை விடுகிறேன் என்று.

அத்தான் எழுந்தார். பந்துப் பெட்டியிலிருந்து ஒரு பந்தை எடுத்தார். நொண்டி நொண்டிக் கூடைக்கு அடியில் போய் நின்றுகொண்டு, அவள் பக்கம் தரையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். பந்து அவள் கைக்கு நேராக வந்தது. அவள் கையை நீட்டவில்லை. முழங்காலில் பட்டு உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையை எடுத்தாள்.

"அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வாசல் கதவு தானாக மூடிக்கொள்கிற கதவு. அவள் போன பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

அத்தான் கூடைக்கு அடியிலேயே நின்றார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக, பந்து பிடிக்கிற மாதிரி வைத்திருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று.

"அத்தான், வாங்க. நாலு மணிக்கு ஆள் வந்துடுவாங்க."

"அவ இன்னும் போதும்னு சொல்லல மச்சான்" என்றார்.

என்ன சொல்லி அவரை அங்கிருந்து கூட்டிவருவது என்று எனக்குத் தெரியவில்லை. சுவரோரம் போய்ப் பந்தை எடுத்து வந்தேன். வாழ்நாள் முழுக்கப் பந்துக்குக் காற்று அடித்திருக்கிறேனே தவிர ஒருநாளும் கூடையில் போட்டதில்லை. கோட்டுக்குப் பின்னால் நின்று எறிந்தேன். வளையத்தைக்கூடத் தொடவில்லை. அத்தான் முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடிப் போய் எடுத்து என் கைக்கு அனுப்பினார். மறுபடி எறிந்தேன். மறுபடி எடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. பூப்பந்து ஆடுகிறவர்கள் வலையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் அங்கேயே நின்றார்கள்.

எனக்குக் கை ஓய்ந்துபோயிற்று. பந்தை வைத்துக்கொண்டு நின்றேன். அத்தான் என்னைத் தாண்டி வாசல் கதவைப் பார்த்தார்.

"போதுமா?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். நான் பந்தை மறுபடி எறிந்தேன்.